லாயத்தில் ஒரு ரயில்காரி

பிப்ரவரி 3

தம்பிக்கு,

‘அன்புள்ள’ன்னு ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். மனசு வரலை. அதனால வெறும் தம்பி.

இங்க வந்த உடனே போனை வாங்கி ஆபீஸ் அலமாரியில வச்சுப் பூட்டிட்டாங்க. மணி அடிச்சாலே நான் துள்ளி விழுறேன்னு நீதான் சொல்லியிருப்பே. வேணும்னா கடிதம் எழுதுங்கன்னு பேப்பரும் உறையும் குடுத்தாங்க. நான் யாருக்குக் கடிதம் எழுதியிருக்கேன்? லீவு கேட்டு டிப்போவுக்கு எழுதினதோட சரி.

நீயும் டாக்டரும் உக்காந்து பேசி முடிவு பண்ணிட்டீங்க. நான் என்ன சின்னப் பிள்ளையா? ஒரு ரயில் நிறைய ஜனங்களை இழுத்துக்கிட்டுப் போனவ. என்னை உன் பேக்கரி வேன்ல ஏத்தி, ரொட்டி டிரேயோட டிரேயா கொண்டாந்து இறக்கி வச்சுட்டு, திரும்பிக்கூடப் பார்க்காம போயிட்டே. நான் ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

இது ஆஸ்பத்திரியும் இல்லை, வீடும் இல்லை. ஒரு பண்ணை. என் ரூம்ல ஒரு கட்டில், ஒரு மேசை. ஜன்னலைத் திறந்தா லாயம். காத்து இந்தப் பக்கம் அடிச்சா சாணி நாத்தம் சோத்துத் தட்டு வரைக்கும் வருது. குதிரைங்களை வச்சு மனசைச் சரி பண்ணுவாங்களாம். குதிரைக்கு என்னடா தெரியும் என் மனசைப் பத்தி?

வந்து கூட்டிட்டுப் போ.

அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

நீ போடாட்டி என்ன, நான் போட்டுட்டேன்.

திரும்பிப் பார்த்திருந்தா வேனை ஓட்டியிருக்க முடியாது. அதான் பார்க்கலை.

உன்னைக் கேக்காம முடிவு பண்ணினது நிஜம்தான். யார்கிட்ட கேக்கறது? அந்த மனுஷன் உன் வண்டிக்கு முன்னால விழுந்து செத்துப்போனதுலேர்ந்து நீ யார்கிட்டயும் ஒரு வார்த்தை முழுசாப் பேசலை. கட்டில்ல படுக்கறதில்லை, நாற்காலியில உக்காந்தபடியே விடிய வைக்கறே. போன மாசம் உன் வீட்டுக்கு வந்தப்போ என்ன பார்த்தேன் தெரியுமா? பாத்ரூம்ல குழாயை ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தே. பிரேக் பிடிக்கிற மாதிரி. தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு, தரையெல்லாம் வெள்ளம். கூப்பிட்டேன், உனக்குக் கேக்கலை. விரல் விரலாப் பிரிச்சு எடுத்தேன்.

அதுக்கப்புறம் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? கோவம் இருந்தா இருக்கட்டும். கோவமா இருக்கற அக்கா எனக்குப் பழக்கம்தான். பேசாத அக்காவோடதான் எனக்குக் காலம் தள்ளத் தெரியலை.

வாண்டு உனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கா: “குதிரை நின்னுக்கிட்டே தூங்குமாமே, கீழ விழாதா?” அவங்க அம்மா பதில் தெரியலைன்னு, அத்தையைக் கேளுன்னு உன்கிட்ட தள்ளிவிட்டுட்டா.

தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

வாண்டுகிட்ட சொல்லு, விழாதாம். முழங்கால்ல தாழ்ப்பாள் மாதிரி ஏதோ இருக்காம், போட்டுட்டுத் தூங்குமாம். கேப்டனைக் கேட்டேன். கேப்டன்னா இங்க குதிரைங்களைப் பார்த்துக்கிற பொம்பளை. முட்டி வரைக்கும் பூட்ஸ், கிராப்பு வெட்டின தலை, அவ விசில் அடிச்சா குதிரையும் திரும்பும், நாங்களும் திரும்புவோம்.

எனக்குக் குடுத்திருக்கற குதிரைக்கு ‘மேடம்’னு பேரு. பழுப்பு நிறம், நெத்தியில பால் சிந்தின மாதிரி ஒரு வெள்ளை. யாரையும் காக்க வச்சுத்தான் பார்க்குமாம், அதான் அந்தப் பேரு.

ஏறி உக்காரச் சொல்வாங்கன்னு பயந்துக்கிட்டுப் போனேன். அதெல்லாம் ஒண்ணும் இல்லை. பக்கத்துல போய் நில்லுங்கன்னாங்க. நான் நாலடி வச்சிருப்பேன், மேடம் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டு வேலி ஓரமாப் போயிட்டா. மறுபடி போனேன். மறுபடி அதே மரியாதை.

“பாருங்க டாக்டர், அதுக்கே என்னைப் பிடிக்கலை”ன்னேன்.

இங்கத்த டாக்டரம்மா வேலிமேல உக்காந்து காலை ஆட்டிக்கிட்டிருந்தாங்க. “பிடிக்காம இல்லை. நீங்க மூச்சே விடலை. ஒருத்தர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நெருங்கினா, எங்கயோ ஆபத்து இருக்குன்னுதான் அவளுக்குப் படும். ஓடித்தானே பிழைக்கணும் அவ?”

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. மூச்சை விட்டேன். விட்டப்பதான் தெரிஞ்சுது, எவ்வளவு நாளா பிடிச்சு வச்சிருந்தேன்னு. அழுகையா வந்துச்சு. அழுதேன். அங்கேயே மண்ணுல உக்காந்துட்டேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு தலைக்கு மேல சூடா ஒரு காத்து. நிமிர்ந்தா மேடம். என் முடியை மோந்து பார்த்துட்டு பெருசா ஒரு தும்மல் போட்டா பாரு! முகமெல்லாம் எச்சில். உடனே உருகிடாதே, எனக்கு ஆறுதல் சொல்லவெல்லாம் அவ வரலை. என் பாக்கெட்டுல பிஸ்கட் இருந்துச்சு.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

பிஸ்கட் நம்ம கடை பிஸ்கட்டா, வேற கடை பிஸ்கட்டா? நம்ம கடைன்னா மேடமுக்கு வாய் ருசி இருக்கு. போர்டுல எழுதிப் போடலாம்னு பார்க்கறேன்: ‘குதிரைகளும் விரும்பும்’. உன் தம்பி பொண்டாட்டி, இருக்கற நாலு வாடிக்கையையும் ஓட்டிடாதீங்கன்னு திட்டறா.

உன் கடிதத்தை ரெண்டு தரம் படிச்சேன். அழுதேன்னு எழுதியிருக்கியே. எங்ககிட்ட நீ அழவே இல்லையேக்கா. எந்தச் சாவு வீட்டுலயும் அழாம நின்ன ஆளு நீ. ஒரு குதிரை முன்னால அழுதுட்டே. கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கு, சொல்லிட்டேன்.

சாப்பிடறியா? படுத்துத் தூங்கறியா? இதுக்கு மட்டும் பதில் எழுதிடு.

தம்பி


மார்ச் 8

தம்பி,

சாப்பிடறேன். காலையில லாயத்தைக் கூட்டி, சாணி அள்ளி, தண்ணித் தொட்டி கழுவி முடிச்சா பசி வயித்தைக் கிள்ளுது. அதுக்கப்புறம் வச்சதை எல்லாம் தின்னுடறேன். படுக்கறேன். பாதி நாள் தூக்கம் வருது, பாதி நாள் வரலை.

நேத்து ஒண்ணு நடந்துச்சு. அதை உன்கிட்ட சொல்லணும்.

மேடமைக் கயித்துல பிடிச்சுக்கிட்டு மைதானத்தைச் சுத்தி நடந்துக்கிட்டிருந்தேன். இப்பல்லாம் என்னோட நடப்பா. நான் நின்னா நிப்பா, நான் மூச்சை இழுத்துப் பிடிச்சா காது பின்னால போகும், உடனே நான் விட்டுடுவேன். அந்த நேரம் பார்த்து வெளிய ரோட்டுல ஒரு டிராக்டர் பிரேக் போட்டுது. இரும்பும் இரும்பும் உரசற சத்தம். நீ கேட்டிருக்க மாட்டே, எனக்கு அது எலும்புக்குள்ள இருக்கு. அவ்வளவுதான், நான் அங்க இல்லை. வண்டிக்குள்ள இருக்கேன். கை ரெண்டும் இழுக்குது, வண்டி நிக்க மாட்டேங்குது, அவன் கண்ணாடிக்கு நேரா…

கயிறு கையைச் சுண்டி இழுத்தப்பதான் கண்ணு தெரிஞ்சுது. மேடமும் மிரண்டுட்டா. கழுத்தைத் தூக்கிக்கிட்டு, மூக்கு விரிஞ்சு, வெள்ளை முழி தெரிய நிக்கறா. உடம்பு பூரா நடுங்குது. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நடுங்கிக்கிட்டு நிக்கறோம்.

கேப்டன் ஓடி வரலை. தூரத்துலேர்ந்தே, “கயித்தைத் தளர்த்துங்க. அவளைப் பார்த்துக்கிட்டே இருங்க”ன்னா.

பார்த்துக்கிட்டே இருந்தேன். மேடம் ஒரு தடவை உடம்பை உதறினா. நனைஞ்ச நாய் உதறுமே, அப்படி. பெருமூச்சு விட்டா. உதட்டை நக்கிக்கிட்டா. தலையைத் தாழ்த்தி, புல்லைக் கடிக்க ஆரம்பிச்சுட்டா. முடிஞ்சு போச்சு! இப்பத்தானே செத்துப் போற மாதிரி பயந்தா? இப்ப எந்தப் புல் ருசியா இருக்குன்னு தேடறா.

எனக்குக் கோவம் வந்துச்சுடா. இவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம் முடியுது?

டாக்டரம்மா கிட்ட வந்து சொன்னாங்க: “அவளுக்குப் பயம் வரும், போகும். போக விட்டுடறா. நாமதான் அதைப் பிடிச்சு உள்ள வச்சுக்கறோம். நீங்களும் உதறிப் பாருங்களேன், யாரும் பார்க்கலை.”

எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. இருந்தாலும் உதறினேன். கை, கால், தோள் எல்லாம். பைத்தியக்காரி மாதிரி. நேத்து சாயங்காலம் படுத்தவ, சூரியன் மூஞ்சியில அடிச்சப்பதான் எழுந்தேன்.

இந்த வாரம் நீ வந்து கூட்டிட்டுப் போக வேண்டாம்.

அன்புள்ள அக்கா


மார்ச் 15

அக்கா,

நீ போட்ட ‘அன்புள்ள’வைப் பார்த்துட்டு வீட்டுல கேக் வெட்டினோம். நிஜமாவே வெட்டினோம், ஒரு கேக் அமுங்கிப் போய் விக்காம கிடந்துச்சு.

இனி எழுதப் போறதைப் படிக்கறதுக்கு முன்னாடி உக்காந்துக்கோ. டாக்டரம்மாவை போன்ல கேட்டுட்டுத்தான் எழுதறேன். உன்கிட்ட மறைக்க வேண்டாம், நீ தாங்குவேன்னு சொன்னாங்க.

கொஞ்ச நாளா கடைக்கு ஒரு பெரியவர் வர்றார். வெள்ளைச் சட்டை, நல்லா இஸ்திரி போட்டது. ஒரே ஒரு பன் வாங்குவார், ஓரமா ஸ்டூல்ல உக்காந்து பிச்சுப் பிச்சுத் தின்னுட்டுப் போயிடுவார். வாட்ச் ரிப்பேர் பார்த்தவராம், இப்ப பார்க்கறதில்லையாம். போன செவ்வாய்க்கிழமை கூட்டம் இல்லாத நேரமா கல்லாகிட்ட வந்தார்.

“தம்பி, ரயில் ஓட்டற அம்மா உங்க அக்காதானே?”

“ஆமாங்க. நீங்க?”

“அன்னிக்கு விழுந்தது என் பையன்.”

கல்லாவைத் திறந்து திறந்து மூடினேன். “அவங்க ஊர்ல இல்லைங்க”ன்னேன்.

“தெரியும். உடம்பு சரியில்லைன்னு டிப்போவுல சொன்னாங்க. பாவம். நான் திட்ட வரலை தம்பி. கேஸு போடவும் வரலை. அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவங்க ஒருத்தருக்குத்தான் அது தெரியும்.”

என்னன்னு கேட்டேன். என்கிட்ட சொல்லலை. பன் காசை வச்சுட்டுப் போயிட்டார். மறுநாளும் வந்தார், கேக்கலை. பன்னை மட்டும் தின்னுட்டுப் போனார்.

நீ என்ன சொல்றியோ அதை அவர்கிட்ட சொல்றேன். இந்தத் தடவை உன்னைக் கேக்காம எதுவும் பண்ண மாட்டேன்.

தம்பி


மார்ச் 19

வேண்டாம்.

அவரை எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பார்ப்பேன்? வேண்டாம்னு சொல்லிடு. இதைப் பத்தி இனிமே எழுதாதே.


மார்ச் 26

அன்புள்ள அக்கா,

சரி. சொல்லிட்டேன். தலையாட்டிட்டுப் போனார்.

வாண்டுக்கு முன்பல் விழுந்துடுச்சு. ‘ச’ வர மாட்டேங்குது. கடையில புது அடுப்பு வந்திருக்கு, முதல் நாள் ரெண்டு டிரே கருக்கிட்டேன். வேற ஒண்ணும் விசேஷம் இல்லை.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பி,

போன தடவை கடுப்பா எழுதிட்டேன். நீ பதிலுக்கு அடுப்பு, பல்லுன்னு எழுதினதுல இன்னும் குத்துச்சு.

இந்தப் பதினஞ்சு நாளும் நான் சரியில்லை. மறுபடி நாற்காலியில உக்காந்து விடிய வச்சேன். மேடம் கிட்ட போனா அவ விலகிப் போனா. பொய் சொன்னா கண்டுபிடிச்சுடறாடா அவ. “நல்லாயிருக்கேன்”னு டாக்டரம்மாகிட்ட சொல்லிடலாம், மேடம்கிட்ட முடியாது.

நேத்து அவ குளம்பைச் சுத்தம் பண்ணினேன். காலைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, இடுக்குல இருக்கற கல்லையும் மண்ணையும் கொக்கியால சுரண்டி எடுக்கணும். ஒரு சின்னக் கல்லு நல்லா உள்ள புகுந்திருந்துச்சு. தொட்டதும் வலியில காலை உதறினா. நான் விட்டுட்டேன். கேப்டன், “வலிக்குதேன்னு விட்டா நாளைக்கு நொண்டுவா”ன்னா. மறுபடி தூக்கினேன். கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துக்கிட்டே நின்னா, ஆனா காலை எடுக்கலை. ஒரு வழியா சுரண்டி எடுத்துட்டேன்.

கல்லைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அந்தப் பெரியவரை நினைச்சேன். விசாரணையில என்னை எல்லாம் கேட்டாங்க. பிரேக் எப்ப போட்டே, வேகம் என்ன, சிக்னல் என்ன. வண்டியைப் பத்தித்தான் எல்லாக் கேள்வியும். அவர் பையனைப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை. பெரியவர் என்ன கேப்பார்னு எனக்குத் தெரியும். எனக்குப் பதிலும் தெரியும்.

வரச் சொல்லு. ஆனா ஒண்ணு. ரூம்ல நாற்காலி போட்டு எதிரெதிரே உக்காந்து பேச என்னால முடியாது. லாயத்துக்கு வரச் சொல்லு. அழுக்கானாப் பரவாயில்லைங்கற சட்டையைப் போட்டுக்கிட்டு வரச் சொல்லு.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்கா,

சொன்னேன். கையில இருந்த பன்னை அப்படியே தட்டுல வச்சுட்டார். அப்புறம், “குதிரை கடிக்குமா தம்பி?”ன்னார்.

“பிஸ்கட் குடுத்தா கடிக்காதுங்க”ன்னேன்.

ஒரு பாக்கெட் வாங்கிக்கிட்டார். ஞாயித்துக்கிழமை வர்றார். நான் கொண்டு வந்து விடறேன்னேன், வேண்டாம்னுட்டார். பஸ்ஸுல வந்துக்கறாராம்.

எனக்குப் பயமா இருக்கு. உனக்கு?

தம்பி


ஏப்ரல் 21

அன்புள்ள தம்பி,

எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. காலையிலேயே லாயத்தை ரெண்டு தடவை கூட்டினேன். கேட்டுகிட்ட அவரைப் பார்த்ததும் உள்ள ஓடிடலாம்னு இருந்துச்சு. நீ சொன்ன மாதிரியே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வெயிலுக்கு ஒரு தொப்பி. அவர்கிட்ட அழுக்குச் சட்டையே இல்லை போல.

நான் வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார். கேப்டன் வந்து ஆளுக்கொரு பிரஷ்ஷைக் கையில குடுத்து, “மேடமுக்கு முடி உதிர்ற காலம். நீங்க அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம்”னுட்டுப் போயிட்டா. டாக்டரம்மா தூரத்துல வேலிமேல.

மேடம் நடுவுல. எனக்கு அவர் கையும் தொப்பியும்தான் தெரியுது. நாங்க தேய்க்கறோம், முடி பஞ்சு பஞ்சா பறக்குது, அவர் வெள்ளைச் சட்டை பூரா பழுப்பு. அவர் நல்லாத் தேய்ச்சார். வாட்ச் பார்த்த கை, பதமா இருந்துச்சு.

அப்புறம் மேடமோட முதுகுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கேட்டார்:

“அம்மா, என் பையன் குதிச்சானா?”

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவரே பேசினார். “அக்கம்பக்கத்துல எல்லாரும் குதிச்சான்னுதான் சொல்றாங்க. பிளாட்பாரத்தோட அந்த முனைக்கு கேமரா எட்டாதாம். முதல் நாள் அவனுக்கும் எனக்கும் ஒரு சின்னச் சண்டை. டிவி சத்தத்துக்காக. அதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும், அந்தச் சண்டையில நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்து எடுத்துப் பார்க்கறேன். எந்த வார்த்தைம்மா அது?”

நான் மேடம் மேல கையை வச்சேன். அவ மூச்சு விடறது கைக்குத் தெரிஞ்சுது. அதோடயே நானும் விட்டேன். சொன்னேன்.

“இல்லைங்க ஐயா. குதிக்கலை. நான் பார்த்தேன். தூணுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தார். என் வண்டியை அவர் பார்க்கவே இல்லை. கையை நெத்திக்குக் கொண்டு போனார். முழங்கால் மடங்கிச்சு. மயக்கம் வர்றவங்க மாதிரி ஒரு பக்கமாச் சாய்ஞ்சார். சாயறப்போ தூணைப் பிடிக்கக் கையை நீட்டினார். எட்டலை. விழணும்னு நினைச்சவர் அப்படிக் கை நீட்ட மாட்டாருங்க. அவர் பிடிச்சுக்கத்தான் பார்த்தார்.”

அந்தக் கைதான்டா எனக்குத் தினம் தினம் வரும். கண்ணை மூடினா அந்தக் கை. அதை யார்கிட்டயும் சொன்னதில்லை, உன்கிட்ட கூட. சொன்னா அது இன்னும் பெருசாயிடும்னு நினைச்சேன். அவர்கிட்ட சொன்னப்போ, இத்தனை நாளா அவருக்குச் சேர வேண்டிய ஒண்ணை நான் தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

அந்தப் பக்கம் பிரஷ் நின்னு போச்சு. தொப்பி மேடமோட முதுகுமேல சாய்ஞ்சிருந்துச்சு. அழுதார். நானும்தான்.

மேடம் கொஞ்ச நேரம் பொறுத்தா. அப்புறம் கழுத்தை வளைச்சு அவர் கையில மூக்கால ஒரு இடி இடிச்சா. பிரஷ் கீழ விழுந்துச்சு.

“என்ன சொல்றா?”ன்னு கேட்டார், மூக்கைத் துடைச்சுக்கிட்டு.

“ஏன் நிறுத்தினீங்கன்னு கேக்கறாங்க ஐயா.”

சிரிச்சுட்டார். கண்ணு ஒழுக ஒழுகச் சிரிச்சார். குனிஞ்சு பிரஷ்ஷை எடுத்தார். அதுக்கப்புறம் பையனைப் பத்திப் பேசிக்கிட்டே தேய்ச்சார். பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாராம். நல்லா விசில் அடிப்பானாம். காலையில சாப்பிடாம ஓடறது பழக்கமாம், எத்தனை சொல்லியும் கேக்க மாட்டானாம். எனக்கு இதுவரைக்கும் அவன் ஒரு கையா மட்டும்தான் இருந்தான். இப்ப விசில் அடிக்கற ஆளா இருக்கான்.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கடையில வச்சுப் படிச்சிருக்கக் கூடாது. மாவு மூஞ்சியோட அழுதா மனுஷன் எப்படி இருப்பான்னு உன் தம்பி பொண்டாட்டி ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கா.

பெரியவர் வந்தார். இந்தத் தடவை ரெண்டு பன் வாங்கி, ஒண்ணை என் கையில குடுத்து, “உக்காரு தம்பி”ன்னார். என் கடை பன்னை எனக்கே வாங்கிக் குடுத்த முதல் ஆள் அவர்தான். விசாரணை பண்ணின ஆபீசுக்கு, பையன் குதிக்கலைன்னு ஒரு கடிதம் எழுதப் போறாராம். நீயும் பார்த்ததை எழுதிக் குடுப்பியான்னு கேக்கச் சொன்னார்.

டிப்போ பெரிய அதிகாரியும் கேட்டார், எப்ப வருவாங்கன்னு. அவங்க வர்றப்போ வருவாங்கன்னு சொல்லிட்டேன். சரிதானே?

தம்பி


மே 11

அன்புள்ள தம்பி,

சரிதான். எழுதியும் குடுத்துட்டேன். அவர் கை நீட்டினதையும் சேர்த்து எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை கிளம்பலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மாசத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போகணும். தூக்கம் இன்னும் சில நாள் சண்டித்தனம் பண்ணுது. சத்தத்துக்குத் திடுக்கிடறேன், ஆனா அப்புறம் உதறிட்டு வேற வேலை பார்க்கறேன். திரும்ப வண்டி ஓட்டுவேனான்னு மட்டும் இப்பக் கேக்காதே. முதல்ல டிப்போவுக்குள்ள காலி வண்டியை நகர்த்திப் பார்க்கறேன்னு சொல்லியிருக்கேன். வரலைன்னா வேற வேலை இருக்கு. அதுல எனக்கு இப்பப் பெரிய வருத்தம் இல்லை.

பெரியவர் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வர்றார். கேப்டன் அவருக்குன்னு ஒரு பூட்ஸ் எடுத்து வச்சிருக்கா. நான் போனப்புறமும் வரலாமான்னு பயந்துக்கிட்டே கேட்டார். வராட்டித்தான் மேடம் கோவிச்சுக்குவான்னா கேப்டன்.

போன வாரம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். என்னங்க ஐயான்னேன். “மூணு பஸ்ஸு மாறி வர்றேன்ல. ரோடு வேற மோசம்.”

“ரயில் இருக்கே?”ன்னு கேட்டுட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

“ஏறலைம்மா. அன்னிலேர்ந்து ஏறவே இல்லை. நீங்க?”

“நானும்தான்.”

மேடமைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தோம். ஒண்ணா ஏறிப் பார்ப்போமான்னு யார் முதல்ல கேட்டதுன்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்லை. அவர், நீங்கதான்கறார்.

அதனால நீ வேன் எடுத்துக்கிட்டு வராதே. அவர் வெள்ளிக்கிழமையே இங்க வந்துடறார். சனிக்கிழமை காலையில ரெண்டு பேரும் ரயில் ஏறறோம். எங்க உக்கார்றதுன்னு பெரிய விவாதம் நடந்துச்சு. அவருக்கு ஜன்னல் வேணும், எனக்கு நடுப்பெட்டி வேணும். முடியலைன்னா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடலாம்னு பேசி வச்சிருக்கோம். அதுக்கப்புறமும் முடிஞ்சா ஏறுவோம். எந்த வண்டியில வருவோம்னு உறுதியாச் சொல்ல முடியாது, மதியத்துக்கு மேல ஸ்டேஷனுக்கு வந்து பாரு.

இதுக்குப் பதில் போடாதே, கடிதம் வர்றதுக்குள்ள நான் வந்துடுவேன். வாண்டையும் கூட்டிட்டு வா. அவ கையை நல்லாப் பிடிச்சுக்கோ. பிளாட்பாரத்துல மஞ்சக் கோட்டுலேர்ந்து நல்லா உள்ள தள்ளி நில்லுங்க. வண்டி நின்னதும் நானே இறங்கி வர்றேன்.

அன்புள்ள
அக்கா